வேலிக்குள் வாழ்ந்த இரலை

மான் என்னும் ஒரே சொல்லுக்குள் நாம் பல விலங்குகளை அடைத்து வைத்திருக்கின்றோம். ஹோட்டன் சமவெளியிலே பனி விலகாத காலைப்பொழுதிற் கூட்டமாக மேயும் மரை மான் எனப்படும். யாலவிலும் வில்பத்துவிலும் உலவும் புள்ளிமானும் மானே. தேயிலை மலைகளுக்கு மேலுள்ள காட்டோரத்திலிருந்து, அந்திப் பொழுதில் நாய் குரைப்பது போலக் குரல் எழுப்பும் கேளையாடு, பெயரில் ஆடாயினும் இனத்தால் மானே. 19ஆம் நூற்றாண்டில் நம் மலைநாட்டுக்கு வந்த ஆங்கிலத் துரைமார் இக்குழப்பத்தை மேலும் ஒரு படி வளர்த்தனர். அவர்கள் மரையை 'எல்க்' என்று அழைத்தார்கள். ஐரோப்பாவின் எல்க் முற்றிலும் வேறொரு விலங்கு. ஆயினும் நுவரெலியாவுக்கு அண்மையிலுள்ள புல்வெளியொன்று எல்க் சமவெளி என்னும் பெயரால் இன்றும் அத்தவற்றைச் சுமந்துகொண்டிருக்கின்றது.

நேயர்களே, இன்று நான் பேச எடுத்துக்கொண்டது இவற்றுள் எதனையும் அன்று. நமது தீவில் இயற்கையாக ஒருபோதும் காணப்படாத, ஆனால் தமிழ் இலக்கியம் படித்த எவரும் பெயரளவில் அறிந்திருக்கக்கூடிய இரலையைப் பற்றியே பேசப் போகின்றேன். புல்வாய் என்றும் வெளிமான் என்றும் இதற்குப் பெயர்கள் உண்டு. ஆங்கிலத்தில் 'அன்ரிலோப்' என வழங்கும் பெருங்குடும்பத்தைச் சேர்ந்தது இது. சொல்லப்போனால், அக்குடும்பத்துக்கே பெயரைத் தந்த விலங்கு இதுவே. மரையும் புள்ளிமானும் ஆண்டுதோறும் கொம்பை உதிர்த்துப் புதுக்கொம்பு வளர்ப்பன. அவற்றின் கொம்பு கிளைவிடும், முழுவதும் எலும்பாலானது. இரலையின் கொம்போ, உள்ளே எலும்பும் வெளியே நகம் போன்ற உறையும் உடையது. அது கிளைவிடாது, உதிராது, உயிருள்ள அளவும் நிலைத்திருக்கும். இவ்வகையில் அது மானைவிட ஆட்டுக்கும் மாட்டுக்குமே நெருங்கிய உறவு. சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயசு 1758ஆம் ஆண்டில் இதற்குப் பெயரிட்டபோது ஆட்டினத்திலேயே சேர்த்து, 'ஆட்டுமான்' எனப் பொருள்படும் இலத்தீன் பெயரைச் சூட்டினார். நம்மவர் கேளையாட்டுக்குச் செய்ததற்கு அது நேர்மாறான செயல் என்னலாம்.

ஆண் இரலை அழகிற் சிறந்தது. முதுகு கருமை, வயிறு தூய வெண்மை, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம், முறுக்கிய கயிறு போலத் திருகி மேல்நோக்கிச் செல்லும் இரு கொம்புகள். பெண்ணும் குட்டியும் மங்கிய பழுப்பு நிறத்தன. சங்கப் புலவர்கள் அத்திருகு கொம்பைக் கண்டு மகிழ்ந்து, முல்லை நிலத்தின் விலங்காக இரலையைப் பாடினர். வடமொழியாளர் அதன் கருந்தோலை வேள்விக்குரிய தூய பொருளாகக் கொண்டனர். கருமான் இயல்பாக உலவும் நிலமே வேள்விக்குத் தகுந்த நிலம் என மனுநூல் வரையறுக்கின்றது. அந்த அளவுகோலின்படி நம் இலங்கைத்தீவு தேறாது! கடல்மட்டம் தாழ்ந்திருந்த பண்டைக் காலத்தில் இந்தியாவும் இலங்கையும் நிலத்தால் இணைந்திருந்தன. யானையும் சிறுத்தையும் கரடியும் இரு கரைகளிலும் வாழ்கின்றன. இரலை மட்டும் அக்கரையிலேயே நிற்கின்றது. கோடிக்கரையின் உப்புப் புல்வெளியில் இரலைகள் இன்றும் மேய்கின்றன. பாக்கு நீரிணையைக் கடந்தால் யாழ்ப்பாணக் குடாநாடு. அவ்வளவு அருகிலிருந்தும் அது நமக்கு அயல் விலங்கு.

இத்தகைய விலங்கை மனிதன் வேலிக்குள் வைத்துப் பேணத் தொடங்கியது அதன்மேற் கொண்ட இரக்கத்தால் அன்று. வேட்டைக்காகவே அது தொடங்கியது. மொகலாயப் பேரரசர் அக்பரின் அரண்மனையில் வேட்டைக்குப் பழக்கிய சிவிங்கிகள் ஆயிரம் இருந்தன என்பர். அச்சிவிங்கிகளை ஏவி வீழ்த்தும் இரை பெரும்பாலும் இரலையே. அரண்மனையிற் பழக்கி வளர்த்த ஆண் இரலைகளும் இருந்தன. அவற்றை ஒன்றோடொன்று மோதவிட்டு வேடிக்கை பார்த்தனர். காட்டு இரலையைப் பிடிக்கவும் அவற்றைப் பயன்படுத்தினர். வளர்ப்பு மானின் கொம்பிற் சுருக்கு வலையைக் கட்டி வெளியில் விடுவார்கள். தன் எல்லைக்குள் அயலான் வந்துவிட்டான் என்று சினந்து காட்டு ஆண் பாய்ந்து மோதும். மோதிய கொம்பு வலையிற் சிக்கும். விலங்கின் வீரத்தையே அதற்குப் பொறியாக்கிய தந்திரம் அது.

அக்பரின் மகன் ஜஹாங்கீரிடம் மன்சராஜ் என்னும் இரலை இருந்தது. அவர் பெரிதும் விரும்பி வளர்த்த அவ்விலங்கு இறந்தபோது, லாகூருக்கு அண்மையில் இன்று சேக்குபுரா எனப்படும் இடத்திலே, 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அதற்கு நினைவுச்சின்னம் எழுப்பினார். கல்லறைமேல் மானுருவிற் கல் செதுக்கச் செய்தார். அவ்வட்டாரத்தில் இரலையை எவரும் வேட்டையாடலாகாது என்றும், மீறி உண்பாருக்கு அவ்விறைச்சி இந்துவுக்குப் பசுவின் இறைச்சியும் இசுலாமியருக்குப் பன்றியின் இறைச்சியும் ஆகுமென்றும் ஆணை பிறப்பித்தார். ஹிரண் மினார் என்னும் அக்கோபுரம் பாகிஸ்தானில் இன்றும் நிற்கின்றது. தாம் வளர்த்த ஒரு மானுக்காக ஒரு நிலப்பரப்பின் மான்களுக்கெல்லாம் அபயம் அளித்த அரசர், பிற இடங்களில் ஆயிரக்கணக்கான விலங்குகளை வேட்டையாடிக் கணக்கெழுதி வைத்தவருமாவார். இவ்விரண்டும் ஒரே உள்ளத்தில் எவ்வாறு குடியிருந்தன என்று நாம் வியக்கலாம். ஆனால் விலங்குகளைக் கூண்டில் வைத்த வரலாறு முழுவதிலும் இந்த இரட்டை உள்ளமே தொடர்ந்து வருகின்றது.

ஐரோப்பியர் கைக்கு வந்தபின் இரலை வாணிகப் பொருளாயிற்று. இலண்டன் விலங்கியற் கழகத்தின் தோட்டம் 1828இல் திறக்கப்பட்டது. அதன்பின் ஐரோப்பிய நகரங்கள் ஒன்றோடொன்று போட்டியிட்டு மிருகக்காட்சிச்சாலைகளை அமைத்தன. அவற்றுக்கெல்லாம் விலங்குகளை விற்ற வணிகருட் பெரும்புகழ் பெற்றவர் ஜெர்மனியின் ஹம்பேர்க் நகரத்துக் கார்ல் ஹாகன்பெக். கம்பிகளை நீக்கி அகழிகளைக் கொண்டு விலங்குகளைப் பிரித்துக் காட்டும் முறையை 1907ஆம் ஆண்டிலே தமது ஸ்ரெலிங்கன் தோட்டத்தில் அமைத்துக் காட்டியவர் அவர். இன்று உலகின் நல்ல காட்சிச்சாலைகள் பின்பற்றுவது அம்முறையையே. அப்புகழை நாம் மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அதே ஹாகன்பெக் விலங்குகளோடு மனிதரையும் காட்சிக்கு வைத்தவர் என்பதையும் சொல்லாமல் விடுதல் முறையன்று. 1880களில் யானைகளோடும் மாடுகளோடும் இலங்கையிலிருந்து ஆடவரையும் பெண்டிரையும் குழந்தைகளையும் கப்பலேற்றிச் சென்று, ஐரோப்பிய நகரங்களிலே நுழைவுச்சீட்டு விற்றுக் காட்டினார். நம் முன்னோர் தமிழகத்திலிருந்து கால்நடையாக இம்மலைகளுக்கு வந்து, காப்பித் தோட்டங்களின் அழிவையும் தேயிலையின் வரவையும் கண்டுகொண்டிருந்த காலம் அது. எவ்வுயிர் எங்கே வைக்கப்படவேண்டும் என்பதை வேறொருவர் தீர்மானித்த காலம்.

கார்லின் மாற்றாந்தாய்ச் சகோதரரான ஜோன் ஹாகன்பெக் கொழும்பிலே தங்கி விலங்கு வாணிகம் நடத்தினார். தெகிவளையில், கப்பலேற்றுவதற்கு முன் விலங்குகளைச் சேர்த்து வைக்க அவர் அமைத்த இடமே நமது தெகிவளை மிருகக்காட்சிச்சாலையின் வித்து. 1936இல் அந்த நிறுவனம் நொடித்துப்போக, அரசாங்கம் அதனை ஏற்றுக்கொண்டது. பண்டசாலையாகப் பிறந்தது பின்னர்ப் பள்ளிச் சிறுவர் சுற்றுலா செல்லும் தோட்டமாயிற்று. ஹற்றன் நிலையத்திற் புகையிரதமேறி, கொழும்பு சென்று, அங்கிருந்து தெகிவளைக்குப் போய்வராத தோட்டப் பாடசாலை மலைநாட்டில் அரிது. யானைகளின் ஆட்டத்தைப் பார்க்க முந்திய பிள்ளைகள் மான்களின் முன்னே அதிகநேரம் நின்றதில்லை. ஒருமுறை எட்டாம் வகுப்பு மாணவியொருத்தி மட்டும் ஆபிரிக்க இரலையின வேலி முன்னே நின்று, "சேர், இதுக்குக் கொம்பு விழாதா? எங்கள் தோட்டத்துக்கு மேல் காட்டிலே மரைக்கொம்பு கிடக்குமே" என்று கேட்டாள். இன்று உங்களுக்குக் கூறிய விளக்கத்தையே அன்று அவளுக்கும் கூறினேன். கண்ணாற் கண்டதை வைத்துக் கேட்கப்படும் கேள்விக்கு ஒப்பானது பாடநூலில் இல்லை.

தமிழகத்தில் இவ்வரலாறு வேறு வழியிற் சென்றது. இந்தியாவின் முதற் பொது மிருகக்காட்சிச்சாலைகளுள் ஒன்று சென்னையிலே பிறந்தது. அரசாங்க அருங்காட்சியகத்தின் பொறுப்பிலிருந்த மருத்துவர் எட்வர்ட் பல்போர், அங்கு வைத்திருந்த உயிருள்ள விலங்குகளைக் காணவே மக்கள் திரளுவதைக் கண்டு, 1855இல் ஒரு காட்சிச்சாலையைத் தொடங்கினார். கர்நாடக நவாபு தம் விலங்குத் தொகுதியை அதற்கு அளித்தார். பின்னர் அது மத்திய புகையிரத நிலையத்தை அடுத்த மக்கள் பூங்காவுக்கு மாறியது. சென்னைப் பாமர மக்கள் பாடம்செய்த விலங்குகள் இருந்த அருங்காட்சியகத்தைச் 'செத்த காலேஜு' என்றும், மிருகக்காட்சிச்சாலையை 'உயிர்க் காலேஜு' என்றும் அழைத்தனர். எந்தக் கல்வி அதிகாரியும் இதனினும் தெளிவான பெயரைச் சூட்டியிருக்க முடியாது. நெருக்கடியான நகர நடுவே, இரயிலின் இரைச்சலுக்கிடையே, சிறு கொட்டில்களில் விலங்குகளை வைத்திருந்த அவ்விடம் காலப்போக்கில் தகாததாயிற்று. 1985இல் நகருக்குத் தெற்கே வண்டலூரில், அகழிகளும் திறந்தவெளியும் கொண்ட பெரும் பூங்கா திறக்கப்பட்டது.

ஆயினும் சென்னையின் இரலைக் கதை உயிர்க் காலேஜுக்குள் நடந்ததன்று, கிண்டியிலேயே நடந்தது. ஆளுநரின் தோட்ட மாளிகை இருந்த கிண்டியிலே புதர்க்காடும் புல்வெளியுமாக ஒரு பெருநிலம் கிடந்தது. இரலைகள் அங்கே முன்பே வாழ்ந்தன. 1910இல் அது காப்புக்காடாக அறிவிக்கப்பட்டபோது ஏறத்தாழ 500 ஹெக்டேர் பரப்புடையதாயிருந்தது. இந்தியா விடுதலை பெற்றபின் 1948 முதல் 1952 வரை சென்னையின் ஆளுநராக இருந்தவர் பாவநகர் மகாராசா கிருஷ்ணகுமார் சிங். அவருடைய நாட்டிலுள்ள வேளாவதர் புல்வெளி, அரசர்கள் சிவிங்கி கொண்டு இரலை வேட்டையாடிய இடம். சிவிங்கி வேட்டை ஆடிய மரபில் வந்தவர், சென்னைக்கு வந்தபோது வெண்ணிறமாகப் பிறந்த இரலைகளைக் கொண்டுவந்து கிண்டியில் விட்டார். சேக்குபுராவில் ஜஹாங்கீர் செய்ததை இது நினைவூட்டவில்லையா? வேளாவதர் 1976இல் இரலைகளுக்கான தேசியப் பூங்காவாயிற்று.

கிண்டி அவ்வாறு விரியவில்லை, சுருங்கியது. தொழில்நுட்பக் கல்லூரிக்கும் தலைவர்களின் நினைவிடங்களுக்கும் மருத்துவமனைக்கும் அதிலிருந்து நிலம் பிரித்துக் கொடுக்கப்பட்டது. இவற்றுள் எதனையும் வேண்டாதது என்று சொல்ல ஓர் ஆசிரியனுக்கு நா எழாது. ஆயினும் 1978இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டபோது எஞ்சியிருந்தது 270 ஹெக்டேருக்குச் சற்று மேல் மட்டுமே. பெருநகரின் நடுவே மதிலால் வளைக்கப்பட்ட அந்நிலம், பெயரளவிற் காடாயினும் நடைமுறையில் மிகப்பெரிய கூண்டு. அதற்குள் வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட புள்ளிமான் பல்கிப் பெருகியது, இரலை குறைந்தது. இதற்குக் காரணம் வேட்டையன்று. புள்ளிமான் இலையும் புல்லும் தின்று நிழலில் வாழ வல்லது. இரலை வெட்டவெளி விலங்கு. பகைவனைத் தொலைவிலே கண்டு, மணிக்கு 80 கிலோமீற்றர் வரையான வேகத்தில் ஓடி உயிர் தப்புவதே அதன் கலை. காட்டை வெட்டாமல், மாட்டை விடாமல், தீயை அணைத்து, நல்லெண்ணத்தோடு காத்தோம். புல்வெளி புதரால் மூடிற்று. போலோ மைதானம் எனப்படும் திறந்த புற்றரையே கிண்டி இரலைகளுக்கு எஞ்சிய நிலம். மரங்களை வளரவிடுவதும் ஒரு விலங்கைப் பட்டினியிடுவதாகலாம் என்பது நமக்கெல்லாம் எளிதிற் புரிவதில்லை. நம் மலைநாட்டிலும் இதற்கு நிகரானதுண்டு. 'பத்தனை' எனப்பட்ட புல்மேடுகள் முன்னர் மலைகளெங்கும் பரந்திருந்தன. இன்று ஹற்றன் பக்கத்திற் பத்தனை ஓர் ஊரின் பெயர், சுற்றிலும் தேயிலை.

இந்தியப் பெருநிலத்தில் இரலை எவ்வாறு அருகியது என்பதையும் சுருங்கச் சொல்லிவிடுகின்றேன். முன்னொரு காலத்தில் 40 இலட்சம் இருந்தன என்று மதிப்பிடுவோர் உளர். 1947 அளவில் 80,000 என்றும், 1964இல் 8,000 என்றும் கணக்குகள் கூறுகின்றன. எண்ணிக்கையில் ஐயம் இருக்கலாம். சரிவின் போக்கில் ஐயமில்லை. போருக்குப்பின் ஜீப் வண்டியும் ஒளிவிளக்கும் துப்பாக்கியும் எளிதிற் கிடைத்தன. புல்வெளி வயலாயிற்று. இரலையைத் துரத்திய சிவிங்கியின் முடிவு அதனினும் கொடியது. 1947இல் மத்திய இந்தியாவின் கொரியா சமத்தானத்து மகாராசா ஒரே இரவில் மூன்று சிவிங்கிகளைச் சுட்டார். இந்தியச் சிவிங்கியின் வரலாறு ஏறக்குறைய அத்துடன் முடிந்தது. 2022 செப்டெம்பரில் நமீபியாவிலிருந்து எட்டுச் சிவிங்கிகளை விமானத்தில் வரவழைக்க வேண்டியதாயிற்று. நுவரெலியாவில் 1848 முதல் வாழ்ந்து, வேட்டை நாய்களை ஏவி மரைகளைத் துரத்திக் கத்தியாற் குத்திக் கொன்ற சாமுவேல் பேக்கரை நாம் மறக்கவில்லை. ஹோட்டன் சமவெளியின் அருவிக்கு அவர் பெயரே இட்டிருக்கின்றோம். நல்வினைப்பயனாக அம்மரை பிழைத்தது. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இரலைக்கு உயர்ந்த பாதுகாப்பை அளித்தது. அதற்கு ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகள் முன்பிருந்தே இராசத்தானத்துப் பிசுனோய் மக்கள் சமயக் கடமையாக அதனைக் காத்துவந்தனர்.

இனி, வேலிக்குள் வைத்ததனால் விளைந்த நன்மைக்கு வருகின்றேன். பாகிஸ்தானின் மண்ணில் இரலை அழிந்தே போயிற்று. மன்சராஜுக்குக் கோபுரம் எழுப்பிய நாட்டில் இரலை இல்லை! ஆனால் 1930களிலே அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநிலத்துப் பண்ணையாளர் சிலர், வேட்டைக்காரரிடம் பணம் பெறும் நோக்கோடு இரலைகளைக் கொண்டுவந்து தம் வேலிக்குள் விட்டிருந்தனர். வறண்ட அந்நிலம் அவற்றுக்கு ஒத்துக்கொண்டது, பல்லாயிரமாகப் பெருகின. 1970இல் அங்கிருந்து பத்து இரலைகள் பாகிஸ்தானுக்குக் கொண்டுவரப்பட்டு, பகவல்பூரை அடுத்த லால் சுகன்ராவிலே வேலிக்குள் விடப்பட்டன. இன்று அந்நாட்டிலுள்ள மந்தைகளிற் பல அவற்றின் வழிவந்தவை. இலாபங் கருதி அயல்நாட்டில் அடைக்கப்பட்ட ஒன்று, தாயகத்துக்கு விதைநெல்லாகத் திரும்பிற்று. செய்தவரின் நோக்கத்தை வைத்துச் செயலின் பயனை அளக்க முடியாதென்பதற்கு இது நல்ல சான்று. ஆயினும் சில விலங்குகளின் வழித்தோன்றல்களே மீண்டும் மீண்டும் தமக்குள் இணைந்தால் இரத்தம் நலியும் என்பதையும் மறக்கலாகாது.

வேலிக்குள் காத்து இனத்தையே மீட்ட கதைகளிற் புகழ்பெற்றது அரேபிய ஓரிக்ஸ் என்னும் வெண்ணிற இரலையினுடையது. நம் மலைநாட்டிலிருந்து எத்தனையோ பெண்கள் வளைகுடா நாடுகளுக்கு வீட்டுவேலைக்குச் செல்கின்றனர். கட்டார் நாட்டு விமானத்தின் வாலில் வரையப்பட்டிருக்கும் நீண்ட கொம்புத் தலை இவ்விலங்கினுடையதே என்பதை அவர்களிற் சிலர் அறிந்திருக்கலாம். எண்ணெய்ச் செல்வம் வந்தபின் மோட்டார் வண்டிகளிற் சென்று துப்பாக்கியால் வேட்டையாடியதில், 1960 அளவில் அது அழிவின் விளிம்பிலே நின்றது. இலண்டனிலுள்ள விலங்குப் பாதுகாப்புச் சங்கமொன்று, கென்யாவின் தலைமை வனவிலங்கு அதிகாரி இயன் கிரிம்வூட்டின் தலைமையில் 1962இல் ஏடன் பாதுகாப்புப் பகுதியின் பாலைவனத்துக்கு ஒரு குழுவை அனுப்பிற்று. வாரக்கணக்கிற் சுவடு தேடியும் பிடிபட்டவை நான்கே. அவற்றுள் ஒன்று இறந்தது. எஞ்சியவை இரண்டு ஆணும் ஒரு பெண்ணும். இலண்டன் காட்சிச்சாலை ஒரு பெண்ணைக் கொடுத்தது. குவைத்திலிருந்து ஒன்று வந்தது. சவூதி அரசர் இரண்டு இணைகளை அளித்தார். ஒன்பது விலங்குகள்! வறண்ட காற்றுடைய அரிசோனா மாநிலத்துப் பீனிக்ஸ் நகரக் காட்சிச்சாலையில் அவற்றை வைத்து, 'உலக மந்தை' என்று பெயரிட்டு, எது எதற்குப் பிறந்தது என்று குலப்பதிவேடு எழுதி வளர்த்தனர்.

அது மிகை முயற்சி என்று அப்போது கருதியவர் இருந்திருப்பின், 1972ஆம் ஆண்டு அவர்களுக்கு விடை அளித்தது. அவ்வாண்டில் ஓமானின் ஜித்தத் அல் ஹராசிஸ் சமவெளியிலிருந்த கடைசிக் காட்டு மந்தையும் சுடப்பட்டது. அன்றிலிருந்து பல ஆண்டுகள் அவ்வினம் உலகிற் கூண்டுகளிலும் வேலிகளுக்குள்ளும் மட்டுமே உயிரோடிருந்தது. பின்னர் அமெரிக்காவிலிருந்து ஓமானுக்குத் திருப்பி அனுப்பப்பட்டன. 1982 சனவரியில் பத்து விலங்குகளுக்கு அதே சமவெளியில் வேலிக் கதவு திறக்கப்பட்டது. அவற்றுக்குக் காவலர் ஹராசிஸ் என்னும் அந்நிலத்துப் பழங்குடியினரே. 1994இல் யுனெஸ்கோ அவ்விடத்தை உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. அத்துடன் கதை நல்லவிதமாக முடியவில்லை. செல்வந்தரின் தனித்தோட்டங்களுக்கு உயிரோடு விற்பதற்காக 1996 முதல் கள்ளப்பிடிப்பு தொடங்கிற்று. 400க்கு மேலிருந்த மந்தை 2007இல் 65ஆகக் குறைந்தது. எண்ணெய் தேடும்பொருட்டுக் காப்பிடத்தின் பரப்பில் பத்தில் ஒன்பது பங்கும் வெட்டப்பட்டது. அவ்வாண்டிலேயே யுனெஸ்கோ அதனைப் பட்டியலிலிருந்து நீக்கிற்று. அவ்வாறு நீக்கப்பட்ட முதல் இடம் அதுவே. ஆனால் மற்ற அரபு நாடுகளில் விடப்பட்ட மந்தைகள் தழைத்தன. காட்டில் அற்றுப்போனதென்று குறிக்கப்பட்ட ஓரினம், அபாயப் படிகளில் மீண்டு ஏறி 2011இல் பாதுகாப்பான நிலையை நோக்கி நகர்ந்ததும் இதுவே முதன்முறை. காட்சிச்சாலையாற் காப்பாற்ற முடிந்தது விலங்கை. காப்பாற்ற முடியாதது நிலத்தை.

இரலையை வேலிக்குள் வைத்துப் பேணுவது எளிதென்று எண்ணிவிடாதீர்கள். தீனி கொடுத்தால் உண்ணும், குட்டியும் ஈனும், ஆயினும் அதன் உள்ளம் வெட்டவெளியிலேயே இருக்கின்றது. ஓர் அடைப்பில் முதிர்ந்த ஆண்கள் இரண்டிருந்தால் எல்லைக்குப் போரிடும். தோற்றவனுக்கு ஓடி ஒளிய இடமில்லாதபோது போர் கொலையில் முடியும். பிறந்த குட்டி முதற் சில நாட்கள் புல்லுக்குள் அசையாமற் படுத்திருக்கும். கூட்டிப் பெருக்கித் தூய்மையாக வைத்த தரையில் அதற்கு ஒளிய மறைவு ஏது? எல்லாவற்றிலும் கொடியது அச்சம். 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் குசராத்திலுள்ள கேவடியா விலங்குப் பூங்காவில் ஓர் இரவு சிறுத்தை புகுந்தது. அது கொன்றது ஓர் இரலையை மட்டுமே. அதைக் கண்ட அதிர்ச்சியால் மேலும் ஏழு இறந்தன. ஓட வேண்டியதாகப் படைக்கப்பட்ட உடல், ஓட இடமின்றித் தன்னையே முறித்துக்கொள்கின்றது. அதே ஆண்டு நவம்பரில் கருநாடகத்துப் பெல்காம் அருகிலுள்ள ஒரு சிறு காட்சிச்சாலையில் தொற்றுநோய் பரவி, சில நாட்களுக்குள் 30க்கு மேற்பட்ட இரலைகள் மாண்டன. ஒரே கொட்டிலில் ஒரு மந்தை முழுவதையும் வைப்பது, ஒரே குதிரில் ஊரின் விதைநெல் முழுவதையும் வைப்பது போன்றதே.

வெட்டவெளியிலும் அவற்றுக்குப் பாதுகாப்பு முழுமையானதன்று. கோடிக்கரை 1967இல் இரலைகளுக்காகவே சரணாலயமாக்கப்பட்டது. அங்கே சீமைக் கருவேலம் புல்வெளியை விழுங்குகின்றது. 2018 நவம்பரில் வீசிய கசா புயல் அக்கரையைத் தாக்கியபோது மான்கள் பல மாண்டன. திருநெல்வேலிப் பக்கத்து வல்லநாட்டிலும் சத்தியமங்கலத்து மாயாற்றுப் பள்ளத்தாக்கிலும் மந்தைகள் உண்டு. ஒரு மந்தை அழிந்தால் இன்னொன்று எஞ்ச வேண்டும் என்பதனால், பூங்காக்களில் வளர்ப்பதைக் குறை கூறுவோரோடு நான் முழுமையாக உடன்படுவதில்லை. வளர்த்ததைத் திருப்பி விட ஒரு நிலம் காத்திருக்கின்றதா என்பதே என் கேள்வி.

அவ்வாறு நிலம் காத்திருந்த நாடு நேபாளம். அங்கு இரலை அற்றுப்போயிற்று என்று கருதியிருந்தபோது, 1975இல் மேற்குத் தராய்ச் சமவெளியின் பர்தியா மாவட்டத்துக் கைராபூரிலே ஒன்பது இரலைகள் உயிரோடு காணப்பட்டன. அவற்றைக் காத்துப் பெருக்கினர். நேபாள்கஞ்சிலிருந்த சிறு காட்சிச்சாலையிலும் சில வளர்ந்தன. 2012இல் அக்காட்சிச்சாலையிலிருந்து 22 விலங்குகளையும் பர்தியாவிலிருந்து 6 விலங்குகளையும் வண்டியேற்றி, அந்நாட்டின் மேற்கெல்லையிலுள்ள சுக்லாபாந்தாவின் ஹிராபூர் புல்வெளிக்குக் கொண்டுசென்றனர். இரலைகள் முன்னர் வாழ்ந்து மறைந்த நிலம் அது. முதலில் வேலியிட்ட அடைப்புக்குள்ளேயே விட்டார்கள். புதிய புல்லையும் புதிய காற்றையும் அவை பழகும் வரை.